முனியாண்டி படையலும் டச்சு வாக்கியமும்

நவ. 5, திங்கள்

விடியலிலிருந்து மழை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. ஆபீஸ் கூரை ஒழுகல், என் மேசைக்கு நேர் மேலே.

தம்பி மாரியை நேற்று மாலை போலீஸ் பிடித்துப் போய்விட்டது. எஸ்டேட் எல்லையில் முனியாண்டிக்குப் படையல் போட ஒரு தூக்குச் சோறு, கருவாட்டுக் குழம்பு, சுருட்டு. கம்பி வேலிக்கு வெளியே சோறு போகக் கூடாது என்று உத்தரவு. காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுக்குப் போய்விடுமாம். சாமிக்குக் கூடவா தடை என்று நினைத்திருப்பான், மடையன். இப்போது மலாக்கா டவுன் லாக்கப்பில்.

அவன் பெண்டாட்டி பாக்கியம் வந்து அழுகை. "மாமா, தொரகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்களேன். நீங்க ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணிதானே?"

சொல்லலாம். இங்கிலீஷில் யார் போய்க் கேட்டாலும் "போலீஸ் மேட்டர்" என்று கத்தல். எஸ்டேட் மேனேஜர் துரை சுமத்ராவிலிருந்து வந்த டச்சுக்காரர். பெண்டாட்டியிடமும் நாயிடமும் டச்சு பேசும்போது மட்டும் மனுஷர். அதனால் டச்சில் கேட்பதாக முடிவு. சுமத்ராவில் மேடான் ஆபீஸிலிருந்து வரும் டச்சுக் கடிதங்களைப் படிக்க ஆள் வேண்டும் என்று துரைசாணி ஞாயிறுதோறும் சொல்லித் தருகிறாளே, அது எதற்கு?

நவ. 6, செவ்வாய்

மழை. முதுகுவலி.

வாக்கியம் வரவில்லை. 'ஓம்டாட்', அதாவது 'ஏனென்றால்', போட்டுவிட்டால் அந்தப் பாதியில் வினை நல்ல பிள்ளையாகக் கடைசிக்குப் போய்விடுகிறது, தமிழ் மாதிரி. முதல் பாதிதான் கழுத்தறுப்பு. எது முன்னால் வந்தாலும் வினை இரண்டாவதாக நிற்க வேண்டும். 'நேற்றுமுன்தினம் பிடித்தார்கள் அவர்கள் என் தம்பியை.' என்ன பாஷையோ!

வாங்க: உப்பு, மண்ணெண்ணெய், தைலம்.

பாக்கியம் மறுபடி. "கேட்டீங்களா மாமா?"

"நாளைக்குலா. தப்பாச் சொன்னா சிரிச்சிருவாரு."

"சிரிச்சா சிரிக்கட்டும்லா!"

அலுப்பு. எனக்குப் பயம்தான், வேறென்ன.

நவ. 7, புதன்

வெயில். மத்தியானம் சொல்லிவிட்டேன். ஒரு தப்பில்லை.

துரை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வாய் நிறையச் சிரிப்பு, முதுகில் தட்டு. துரைசாணியைக் கூப்பிட்டு, இன்னொரு தரம் சொல் என்றார். சொன்னேன். என் தம்பி லாக்கப்பில் இருக்கிறான், ஏனென்றால் அவன் சாமிக்குச் சோறு கொண்டுபோனான். அம்மாள் கைதட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் இது பாட வாக்கியம் இல்லை என்று துரைக்கு உறைத்தது. நிஜமாகவா என்று இங்கிலீஷில் கேட்டார். உடனே போனை எடுத்தார். கத்தவே இல்லை.

ஸ்டேஷனிலிருந்து வந்த பதில்: இன்று காலை லாரியில் தடுப்புக் கேம்ப்புக்கு அனுப்பியாயிற்று, இனி எங்கள் கையில் இல்லை. நேற்றே துரை பேசியிருந்தால் ஜாமீனில் விட்டிருப்பார்களாம்.

தொழிலாளர் லயத்து முனையில் பாக்கியம் காத்திருந்தாள்.

"தொர என்ன மாமா சொன்னாரு?"

"நான் டச்சு நல்லாப் பேசுறேன்னாரு."