எந்த நாகரத்னா?

12.6.2007

நாகரத்னாவை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். வாசற்படி ஏறும்போது வலது கால் கொஞ்சம் இழுத்தது. லேசான பக்கவாதம்தான், பிழைத்ததே பெரிது என்கிறார் பெங்களூர் டாக்டர். சரி, பெரிதுதான். ஆனால் என் மனைவி தமிழ் பேசவில்லையே, அதற்கு என்ன சொல்கிறார்? மூளையில் அடிபட்ட இடம் அப்படியாம். பிறந்து வளர்ந்த கன்னடம், விட்டு விட்டாவது, திரும்பி வந்துவிட்டது. எனக்காகக் கற்றுக்கொண்ட தமிழ் வரவில்லை. நான் சொல்வது ஓரளவு புரிகிறது. பதில் முழுக்கக் கன்னடம்.

நான் அருப்புக்கோட்டைக்காரன். ஓசூருக்கு வந்து, பாகலூர்ப் பெண்ணைக் காதலித்துக் கட்டி, இத்தனை வருஷமாகியும் என் கன்னடம் "ஊட்டா ஆய்த்தா", சாப்பாடாச்சா என்பதைத் தாண்டவில்லை. வெட்கங்கெட்ட ஜென்மம்.

14.6.2007

எதையோ கேட்டாள். தண்ணீர் கொடுத்தேன், போர்வை கொடுத்தேன், மாத்திரை கொடுத்தேன். கடைசியில் அவளே காலை இழுத்துக்கொண்டு போய் ஜன்னலைச் சாத்தினாள்.

17.6.2007

அவள் தம்பி ராமப்பன் பாகலூரிலிருந்து வந்திருந்தான். இவளுக்கு நடுநடுவே வார்த்தை தட்டினாலும், இரண்டு பேரும் கன்னடத்தில் என்ன பேச்சு! யாரையோ நடித்துக் காட்டினாள். இடது கையால் அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி. கத்திச் சிரித்தாள். நான் டம்ளரோடு நின்றேன்.

இவள் யார்? என் நாகரத்னா "சரிங்க", "ஆகட்டுங்க" என்று குரல் எழும்பாமல் பேசுகிறவள்.

"இவ எப்பவுமே இப்படியா?" என்று அவனைத் தனியாகக் கேட்டேன்.

"சின்னதுலேர்ந்தே வாயாடிதான் பாவா. உங்ககிட்டதான் அடக்கமா இருந்துட்டா போல."

போல!

19.6.2007

தபால் வழி எம்.ஏ. தத்துவம் படிப்பதால் பாக்டரியில் எனக்குப் பெயரே 'தத்துவம்'. இந்தமுறை எழுத வேண்டிய கட்டுரை: ஒரு மனிதர் காலம் கடந்தும் அதே மனிதராக இருப்பது எதனால்?

பாடத்தில் ஒரு தத்துவ அறிஞர், இப்போதும் உயிரோடு இருப்பவர், சொல்கிறார்: நாம் நினைவுகளால் ஆனவர்கள் அல்ல, நாம் ஒரு விலங்கு, நினைவு போகட்டும், குணம் மாறட்டும், அந்த விலங்கின் உயிர் தொடரும்வரை அதே ஆள்தான். படித்தபோது ஆறுதலாக இருந்தது. அதே மூக்கு, புருவத்தில் அதே தழும்பு. எதிர்த்தரப்பு சொல்கிறது: நினைவு தொடர்ந்தால்தான் அதே ஆள். அதிலும் இவளுக்குக் குறையில்லை. கல்யாணப் படத்தைக் காட்டினேன், என் அப்போதைய மீசையைத் தொட்டுச் சிரித்தாளே!

இரண்டு கட்சியும் அதே ஆள் என்கின்றன. அப்புறம் எனக்கு மட்டும் ஏன்டா வேற ஆளா தெரியுது?

22.6.2007

பேச்சுப் பயிற்சி தரும் மோகனப்ரியா வந்தார்.

"ரெண்டையும் போட்டுக் குழப்ப வேணாம் சார். இப்போதைக்கு ஒரு மொழி. கன்னடம்னா சீக்கிரம் தேறிடுவாங்க. தமிழ் கஷ்டம், ஆனா உங்களோட பேச அதுதானே வேணும்? நீங்களே சொல்லுங்க."

"அவளையே கேக்கலாமே?"

"கேட்டுட்டேன். உங்களைக் கைகாட்டுறாங்க."

தமிழ் என்றேன். யோசிக்கவே இல்லை.

2.7.2007

பயிற்சி அட்டையில் சாவிப் படத்தைப் பார்த்து "சா... சா..." என்று திணறினாள். கழுத்து நரம்பு புடைத்தது. அட்டையைத் தரையில் எறிந்தாள். பொறுக்கிக் கொடுத்தேன். மறுபடி எறிந்தாள்.

5.7.2007

இன்று முழுக்க வாயே திறக்கவில்லை. கன்னடத்தில்கூட.

6.7.2007

நான் என்ன செஞ்சுட்டேன்? என் பொண்டாட்டி எனக்குத் திரும்ப வேணும்னு நினைச்சது தப்பா? எந்த நாகரத்னா வேணும் எனக்கு — அந்த "சரிங்க"வா? அது அவ குணமா, இல்ல, இரவல் பாஷையில அவளால அவ்வளவுதான் முடிஞ்சதா? சிரிக்கிறதுக்கு என் தமிழ்ல அவளுக்கு இடமே இல்லையா? கன்னடம்னு சொல்லிட்டா எனக்குன்னு என்ன மிஞ்சும்? பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி சும்மா பாத்துக்கிட்டு நிக்கணுமா?

பயமா இருக்கு. வெக்கத்தை விட்டு எழுதுறேன், ரொம்ப பயமா இருக்கு.

மத்தியானம் மோகனப்ரியாவுக்குப் போன் போட்டுக் கன்னடம் என்றேன்.

"அப்ப வீட்லயும் கன்னடம்தான் சார். நீங்களும் பயிற்சியில பக்கத்துல உக்காரணும்" என்றார்.

29.7.2007

தினமும் சாயங்காலம் நானும் அட்டைகளோடு உட்காருகிறேன். தப்பாகச் சொன்னால் மண்டையில் குட்டு விழுகிறது. நேற்று என் உச்சரிப்பைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இவளை எனக்குப் பிடிக்கிறது. எழுதிவிட்டேன். பிடித்தால் பழையவளுக்குத் துரோகமா? பழையவள் என்று ஒருத்தி இருந்தாளா? கட்டுரையில் இன்னும் ஒரு வரிகூட நகரவில்லை.

26.8.2007

ராமப்பன் வந்தான். அவர்கள் கூடத்தில் இருந்தார்கள். நான் கொஞ்சம் தள்ளி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு எட்டாது என்று நினைத்தாளோ என்னவோ, நாகரத்னா என்னைக் காட்டி மெதுவாகக் கேட்டாள்:

"இவரு அவரேனா?"

இவர் அவரேதானா? தொடர்ந்து சொன்னாள், விட்டு விட்டு, வார்த்தை தேடித் தேடி. முன்பெல்லாம் இந்த மனுஷன் வேலையிலிருந்து வந்தால் டி.வி., சாப்பாடு, புத்தகம். ஒருநாளும் என் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. இப்போது எழுந்து போகவே மாட்டேன் என்கிறார். ஆஸ்பத்திரியில் இவரையும் நன்றாகப் பார்த்தார்களா?

சிரிக்கவில்லை. நிஜமான கவலையோடுதான் கேட்டாள்.

ராமப்பன் தர்மசங்கடமாக என் பக்கம் திரும்பி, எடுத்துச் சொல்ல வாயெடுத்தான்.

"வேணாம் ராமப்பா. புரிஞ்சிருச்சு" என்றேன்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.