ஒரே முகூர்த்தம், இரண்டு நகல்

அன்புள்ள வேணு அண்ணே,

'அன்புள்ள' என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டது. இருக்கட்டும், அடிக்கவில்லை. ஆனால் உங்கள் மேல் எனக்கு இருப்பது கோபம்தான். செத்துப்போனவரைத் திட்டக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோதும் திட்டினேனே, காதில் போட்டுக்கொண்டீர்களா?

நம் கல்யாண மண்டபத்தில் கீழ் அறையில் நீங்கள், மாடி அறையில் நான். முகூர்த்த நாட்களின் பதிவுக் கோப்பு இருக்கிற சர்வரும் மாடியில்தான். கரண்ட் போய் வந்தால் கீழே நெட்வொர்க் அறுந்துவிடுகிறது என்று, அந்தக் கோப்பின் நகல் ஒன்று உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும்படி செய்துகொடுத்தார்கள். இணைப்பு இல்லாதபோது நகலில் எழுதலாம், இணைப்பு வந்ததும் அது சர்வரோடு சேர்ந்துகொள்ளும். ஆபத்துக்கு வைத்த ஏற்பாடு அது. நீங்கள் அதிலேயே குடித்தனம் நடத்தினீர்கள்.

நெட்வொர்க் நன்றாக இருக்கிற நாளிலும் ஆஃப்லைனில் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பீர்கள். கேட்டால், "மாடிப் பொட்டி முழிச்சு எழறதுக்குள்ள வந்தவங்க வேற மண்டபம் பாத்துப்பாங்க ராஜி" என்பீர்கள். சாயங்காலம் கிளம்பும்போது சேர்க்க வேண்டியதைப் பாதி நாள் மறந்துவிடுவீர்கள். மறுநாள் நான் மாடிப்படியில் நின்று கத்துவேன். "ஹவ், ஹவ், சேத்துடறேன், கத்தாதே" என்று இந்த ஊர் உருதுவில் 'ஆமாம்' போட்டுக் கீழிருந்து பதில் வரும். நீங்கள் பிடித்த முயலுக்கு என்றைக்கும் மூன்றே கால்.

அந்த வெள்ளிக்கிழமையும் சேர்க்கவில்லை. நெஞ்சு ஒருமாதிரி இருக்கிறது என்று கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போனவர், திரும்பி வரவே இல்லை. உங்கள் அறையைப் பூட்டினோம். திறக்க யாருக்கும் மனம் வரவில்லை. நான் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இனி வரும் வரிகளைப் படித்தால் உங்களுக்கு அதில் நம்பிக்கை வராது.

அடுத்த வாரம் உப்பலிலிருந்து ஒரு காண்ட்ராக்டர் வந்தார். மகன் கல்யாணத்துக்கு ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் மண்டபம் வேண்டும் என்றார். சர்வரில் பார்த்தேன், அந்த நாள் காலி. அவர் பெயரை எழுதிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் தாமோதரன் மகளோடு வந்து நின்றார். கையில் மஞ்சள் தடவிய பத்திரிகை. முதல் பத்திரிகையைச் சாமிக்கு வைத்துவிட்டு அடுத்ததை நமக்குக் கொண்டுவந்திருக்கிறார். வாங்கிப் பார்த்தேன். நம் மண்டபம். அதே முகூர்த்தம்.

"ரசீது இருக்காங்க?" என்றேன்.

"வேணு சார் எதிர்லதாம்மா உக்காந்திருந்தேன். கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன், ரசீதை நாளைக்கு வாங்கிக்கோ, தைரியமா போய்ப் பத்திரிகை அடின்னாரு. அப்பவே அவருக்கு வேர்த்து ஊத்திச்சு. நான்தான் தண்ணி எடுத்துக் குடுத்தேன். மறுநாள் வந்தா அவரே இல்லைன்றாங்க. அந்த நேரத்துல ரசீது கேக்க மனசு வரல."

அவர் மகள் கவிதாவுக்கு நாம் பேசும் தமிழ் முழுக்கப் புரிகிறது, பதில் மட்டும் இந்த ஊர்த் தெலுங்கில் வருகிறது. அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்னா, ஹால் உந்தா லேதா?" என்று கேட்டாள். இருக்கிறதா, இல்லையா? தாமோதரன் என்னைப் பார்த்தார். நான் யாரைப் பார்ப்பது, அண்ணே?

உங்கள் அறையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். நெட்வொர்க்கோடு சேர்ந்ததுமே ஒரு பெட்டி எழும்பி நின்றது. கோப்பு இரண்டு இடத்திலும் மாறியிருக்கிறது, எதை வைத்துக்கொள்வது என்று கேட்டது. சர்வரில் இருப்பதை என்றால் நீங்கள் எழுதிய கவிதா கல்யாணம் போய்விடும். உங்களுடையதை என்றால் நீங்கள் போன பிறகு நான் எழுதிய அத்தனையும் போய்விடும். இரண்டையும் வைத்துக்கொள் என்று அழுத்தினேன். கம்ப்யூட்டருக்கு என்ன, வைத்துக்கொண்டது. மண்டபத்துக்கு மேடை ஒன்றுதானே? இரண்டு கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகச் சேர்த்தேன். எல்லாம் ஒட்டியது, அந்த ஒரு வரி மட்டும் ஒட்டவில்லை.

தாமோதரனும் மகளும் வாசலில் காத்திருக்க, மண்டபக் கமிட்டித் தலைவர் வந்தார். உங்கள் நாற்காலியில்தான் உட்கார்ந்தார்.

"சர்வர்ல இருக்கிறதுதான் பதிவு. வேணு பொட்டில இருக்கிறது அவனோட கிறுக்கல். டிலீட் பண்ணிடு."

"அவர்தான் சார் முன்னாடி எழுதியிருக்கார். நான் எழுதினது அதுக்கு அடுத்த வாரம்."

"செத்தவன் எழுதினதுக்கெல்லாம் மண்டபம் பொறுப்பா? நக்கோ ராஜி, அதெல்லாம் வேணாம். காண்ட்ராக்டர் நமக்கு ஏசி போட்டுத் தரேன்னிருக்கார். ஃபிட்டர்தானே, ஏதாவது கிரவுண்டுல ஷாமியானா போட்டுக்கட்டும்."

உங்கள் சவத்தின் முன்னால் "என் வலது கை போச்சே" என்று மார்பில் அடித்துக்கொண்டாரே, அதே மனிதர்தான். வலது கை எழுதியது இப்போது கிறுக்கலாகிவிட்டது. அந்த வாயில் மண்ணைப் போட வேண்டும் போல் இருந்தது. உங்கள் வாயிலும்தான். கிளம்பும்போது ஒரு தட்டுத் தட்டிச் சேர்த்திருந்தால் இந்த ஆள் இப்படிப் பேச வழி இருந்திருக்குமா? தும்பை விட்டுவிட்டுப் போனீர்கள், வாலைப் பிடிக்க நான் அகப்பட்டேன்.

வேர்த்துக் கொட்டிய நேரத்தில் எதற்காக உட்கார்ந்து அவர்களுக்கு எழுதிக்கொடுத்தீர்கள்? எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கக் கூடாதா? இதை நினைத்தால் கோபம் வேறு பக்கம் திரும்புகிறது. அதனால் அதிகம் நினைப்பதில்லை.

தலைவர் எதிரிலேயே காண்ட்ராக்டர் பெயர் இருந்த வரியை அழித்தேன். தாமோதரன் பெயரில் ரசீது போட்டு, மண்டப முத்திரை குத்தி, அவர் கையில் கொடுத்தேன். கவிதா அந்த ரசீதை வாங்கிப் பத்திரிகைக் கட்டுக்குள் செருகி, கட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். காண்ட்ராக்டருக்கு நானே போன் செய்தேன். அவர் இன்னும் பத்திரிகை அடிக்கவில்லை. காது கூசும்படி திட்டினார், வாங்கிக்கொண்டேன். உப்பலிலேயே இதைவிடப் பெரிய மண்டபம் அமைந்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

தலைவர் மேசையில் ஓங்கி ஓர் அடி அடித்தார். "இந்த முகூர்த்த மாசத்துக்கு வேற ஆள் கிடைக்காது. செப்டம்பர் கடைசியோட நீ வேலைலேருந்து நின்னுக்கோ" என்றார். நின்றுகொள்கிறேன். பாலாநகரில் ஒரு கம்பெனியில் ஆபீஸுக்கு ஆள் தேவையாம். இந்த வயதில் பவுடர் பூசிக்கொண்டு இண்டர்வியூவுக்குப் போகப் போகிறேன், எல்லாம் உங்கள் புண்ணியம்.

ஆனால் மனிதர் ஆத்திரத்தில் காலண்டரைப் பார்க்கவில்லை. ஆவணிக் கடைசி முகூர்த்தம் செப்டம்பர் முடிவதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. அதுவரை மண்டபத்துச் சாவி என் இடுப்பில்தான்.

சத்தியமாகச் சொல்கிறேன், அன்று விடியற்காலையில் கதவை நான் திறப்பேன். தலைவர் வாசலில் குறுக்கே படுத்தாலும் தாண்டிப்போய்த் திறப்பேன். கவிதா கழுத்தில் தாலி ஏறும்வரை உங்களை விடாமல் திட்டிக்கொண்டே இருப்பேன். ஏறிய பிறகு மன்னிக்கலாமா என்று யோசிக்கிறேன். யோசிக்கிறேன் என்றுதான் சொன்னேன்.

இப்போதைக்கு மன்னிக்காத உங்கள் தங்கை,
ராஜி