வில்ஃப் எழுதிய ஐந்து எழுத்து

பிப்ரவரி 6, 1945

இத்தாலியிலிருந்து வில்ஃபின் கடிதம். நான்கரை வருடப் பிரிவுக்கு மூன்றே வரி! "எல்.ஐ.எல்.ஓ.பி. கிடைத்துவிட்டது. மார்ச்சில் நம் ஊர் பர்ன்லியில் இருப்பேன். பாதிரியாரிடம் கல்யாணத்துக்குச் சொல்லிவை." எல்.ஐ.எல்.ஓ.பி. என்றால்? என்ன இழவாகவோ இருக்கட்டும், வருகிறான்! ஆலையில் என் தறியில் மூன்று தடவை நூல் அறுந்தது. சிரித்துக்கொண்டே முடிச்சுப் போட்டேன்.

பிப்ரவரி 7

காலையில் ஒரு சந்தேகம். ஒரேயடியாக வருகிறானா, வந்துவிட்டுத் திரும்பவும் போரில் போய் நிற்பானா? எனக்கு இது ஒன்றுதான் தெரிய வேண்டும். இந்தப் பட்டாளத்துக்காரர்களுக்கு முழு வார்த்தை எழுதினால் கை சுளுக்கிக்கொள்ளுமா?

கறிக்கடை கிளெக்கிடம் போனேன். போன யுத்தத்தில் சார்ஜெண்டாக இருந்தவர். கடிதத்தை எட்டப் பிடித்துப் பார்த்தார்.

"முதல் எல் லீவு. கடைசி பி பெர்மனெண்ட். நடுவுல இருக்கறதெல்லாம் ஆபீஸ்காரங்க பொழுதுபோகாம சேர்த்தது. உன் ஆளு வந்தா வந்ததுதான், பொண்ணே!"

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் கை தட்டினார்கள். ரத்தக்கறை ஏப்ரனோடு அவரைக் கட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 10

தெருவே கிறுக்குப் பிடித்து அலைகிறது. எதிர்வீட்டு மிஸஸ் ஓல்ட்ராய்ட் கேக்குக்கென்று ரேஷன் திராட்சை முழுவதையும் கொடுத்துவிட்டாள். அக்கா நெல்லியின் கல்யாண உடுப்பு இடுப்பில் மட்டும் பிடிக்கிறது. மூச்சு விடாமல் இருந்தால் போயிற்று. கோல் தெருவில் இரண்டு அறை பார்த்தாயிற்று. வில்ஃபின் பூட்ஸை எங்கே வைப்பது என்பதுவரை முடிவு.

பிப்ரவரி 19

கிளெக் ஒரு முட்டாள். நான் அவரைவிடப் பெரிய முட்டாள்.

பக்கத்துத் தறி ஐவியின் அண்ணன் ஸ்டான்லி பட்டாள அலுவலகத்தில் எழுத்தர். கால் முறிந்து வீட்டில் கிடக்கிறான். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டான். "நாலரை வருஷம் வெளிநாட்டுல கெடந்தவனை ஒரேயடியா ஊருக்கு அனுப்பற திட்டத்துக்குப் பேரு பைத்தான். இது 'லீவ் இன் லியூ ஆஃப் பைத்தான்', அதாவது பைத்தானுக்குப் பதிலா லீவு. சில வாரம் இருந்துட்டுத் திரும்பப் போகணும். அவனாக் கேட்டாத்தான் குடுப்பாங்க."

ஊர் திரும்புவதற்குப் போய் மலைப்பாம்பின் பெயரை வைத்த மகராசர்களைக்கூட மன்னிப்பேன். கேட்டு வாங்கினானாமே! நான் வேண்டாமா? அங்கே எவளாவது - ? வரட்டும். வரட்டும் அவன்.

மார்ச் 13

வந்தான். ரயிலடியிலேயே அறைவதாக இருந்தேன். கறுத்து இளைத்துப்போய் இறங்கினான், கட்டிக்கொண்டுவிட்டேன். அப்புறம் திட்டினேன்.

"ஏண்டா கேட்டு வாங்கின?"

சட்டைப் பையிலிருந்து என் பழைய கடிதம் ஒன்றை எடுத்தான். "பைத்தானுக்கு வரிசை நீளம், ஜூலை ஆகும்னாங்க. நீ என்னடான்னா, ஈஸ்டருக்கு மேல ஒரு நாள் பொறுக்க மாட்டேன், வேற ஆளைப் பார்த்துக்கறேன்னு எழுதியிருக்கே. லீவுன்னா உடனே கப்பல்."

ஐயோ. நெல்லியோடு சண்டை போட்ட எரிச்சலில் கிறுக்கியது. மறந்தே போயிருந்தேன்.

"மடையா, அது சும்மாடா!"

"எனக்கெப்படித் தெரியும்? சும்மான்னு ஒரு ஓரத்துல ரெண்டு எழுத்து போட்டிருக்கலாம்ல?"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் போர்ட்டர் திரும்பிப் பார்த்தார். எனக்கு அழுகையும் வந்தது.

மார்ச் 17

நான் மிஸஸ் வில்ஃப்ரெட் ஹேக்! கிளெக் வெட்கப்பட்டுத் தேவாலயத்துக்கே வரவில்லை. ஆனால் ரேஷன் அட்டை கேட்காமல் ஒரு முழு ஆட்டுத்தொடை வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

மார்ச் 29

ஒன்றும் எழுத நேரமில்லை. சந்தோஷம், சந்தோஷம்.

ஏப்ரல் 11

ரயில் போய்விட்டது. எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். தெரியாது என்றான். சரி என்றேன். நானா!

பொறுத்திருக்கிறேன் என்று எழுதி அவன் புறப்படும் முன்பே தபாலில் சேர்த்துவிட்டேன். அவனுக்கு முன்னால் அது போய்ச் சேர வேண்டும்.