பள்ளிக்கூட வாசல் கடையும் நம் வீட்டு வடைச்சட்டியும்

கண்ணாத்தாளுக்கு,

மார்கழிப் பனி கரும்புத் தோட்டத்தின் மேல் கனத்துக் கிடக்கிறது. விடியலும் தயங்கித் தயங்கியே வருகிறது. நீ உறங்குவதால் எழுதி வைக்கிறேன்.

பள்ளிக்கூட வாசலில் மிட்டாய்க் கடைகளைத் தடை செய்யக் கோரும் மனுவோடு சேலம் புறப்படுகிறேன். "கலெக்டரு வந்து நம்மூட்டு வடச்சட்டிய எறக்கி வெப்பாருங்களா?" என்று நேற்று நீ கேட்டது இன்னும் சுடுகிறது. இறக்கமாட்டார்தான். அதற்காக, அந்தக் கடைகளை அரசு கண்டுகொள்ளாதிருப்பது முறையா? ஒன்பது வயதில் நம் மங்கைக்கு நான்கு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எடையைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எச்சரித்த பிறகும் உன் அண்ணன் நாச்சிமுத்து, "செழிப்பான புள்ள" என்று மெச்சி மைசூர்பாகுப் பெட்டியோடு வருகிறார். இன்றும் வருவார். வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிடு. கூச்சமானால் நான் சொன்னதாகச் சொல். பகை என்னோடு போகட்டும்.

மங்கைக்குக் கம்பங்கூழ் கரைத்துக் கொடு. பீரோ சாவி மாடத்தில் இருக்கிறது.

எழுத மறந்தது: வடைச்சட்டியைப் பற்றி நீ சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆகவே இன்று சுவாமிக்கு நெய்ப்பொங்கல் படைக்கவில்லை. கொய்யாப்பழம் நறுக்கி வைத்து, விளக்கேற்றி, பதிகம் ஓதினேன். உறங்கும் மங்கையின் நெற்றியில் திருநீறு இட்டிருக்கிறேன். மூச்சிளைப்பின்றி ஓடியாடி அவள் நீடு வாழ்க. உடன் நீயும் வாழ்க.