மல்லாந்து வந்த சம்பந்தியம்மா

அக்கா,

நேற்று மத்தியானம் மருமகள் டிவியைப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். ஏதோ உலக நீச்சல் போட்டியாம். பெண்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் மல்லாக்கப் படுத்தபடி, கையைப் பின்னால் வீசி வீசிப் போனார்கள். முகம் மட்டும் தண்ணீருக்கு வெளியே. யார் ஜெயித்தது என்று கேட்காதே, நான் அதைப் பார்க்கவில்லை. "அக்கா, இங்க பாரு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மருமகள் கரண்டியோடு எட்டிப் பார்த்து, "யாராண்ட பேசறீங்க அத்தை?" என்றாள்.

உன்னிடம்தான், வேறு யாரிடம்? நீ போய் இத்தனை வருஷமாகியும் எனக்கு அந்தப் பழக்கம் விடவில்லை.

ஆரம்பாக்கத்து வீட்டுக்கு நீ மூத்த மருமகள், நான் இளையவள். நான் மீஞ்சூர்க்காரி, கிணற்றில் குதித்தே வளர்ந்தவள். நீ திருவாலங்காட்டுக்காரி. சின்ன வயதில் கிணற்றடியில் சறுக்கி விழுந்தவள். அன்று முகம் தண்ணீருக்குள் போனதை நீ மறக்கவே இல்லை. மாமனாரையே எதிர்த்துப் பேசுவாய். மாட்டுக்கொட்டகையில் பாம்பு வந்தால் ஆம்பிளைகளைக் கூப்பிடமாட்டாய். ஆனால் முகம் கழுவ மட்டும் உனக்கு ஈரத்துண்டு வேண்டும். தலைக்கு ஊற்றும்போது சொம்புத் தண்ணீர் நெற்றிப் பக்கம் வந்துவிட்டால் குழந்தை மாதிரி அலறுவாய்.

அப்பேர்ப்பட்டவளின் ஒரே பெண்ணைப் பழவேற்காட்டு ஏரிக்கு அக்கரையில் கொடுத்தார்கள். மாமனார் வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றார், உன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணம் முடிந்து அவள் படகேறியபோது நீ கரையிலேயே நின்றாய். அதற்கப்புறமும் போகவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வரிசைத் தட்டு போகும், நீ போகமாட்டாய்.

அவளுக்கு ஏழாம் மாசம் வளைகாப்புக்கு நாள் பார்த்துப் போனோமே, அன்றைக்கு என்ன ஆயிற்று? படகில் ஒரு காலை வைத்தாய். படகு கொஞ்சம் ஆடியது. காலை எடுத்துவிட்டாய். வளையல் கூடையும் சோற்றுக் குண்டானும் வண்டியில் திரும்பி வீட்டுக்கே வந்தன. அக்கரையிலிருந்து சம்பந்தியம்மா சொல்லி அனுப்பினாள்: "ஒம்பதாம் மாசம் பெத்தவ வந்து வளையல் அடுக்கி அழைச்சிக்கினு போனா அனுப்பறோம். வேற யாரு வந்தாலும் பொண்ணு இங்கயேதான் இருக்கும்." அவளைக் குறை சொல்லவும் முடியாது. பெற்றவள் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? நீ மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வராமல் போனால், அப்புறம் நீ என்ன தாய் என்று உனக்கே தோன்றிவிட்டது.

உன் மனசு மாறட்டும் என்றுதான் கும்மிடிப்பூண்டி டெண்ட் கொட்டகைக்கு இழுத்துப் போனேன். படத்துக்கு முன்னால் நியூஸ் ரீல் போட்டான். வெள்ளம், மந்திரி, அணைக்கட்டு, அதெல்லாம் ஆனபிறகு எந்த நாட்டிலோ பெண்களின் நீச்சல் பந்தயம். மல்லாந்து போகும் பந்தயம். மணல்மேல் உட்கார்ந்திருந்த நீ என் தொடையைக் கிள்ளினாய் பார், இரண்டு நாள் கன்றிப்போயிருந்தது.

"ஏய், மூஞ்சி வெளியவே கீதுடி அவளுக்கு! எனக்கு இத்தக் கத்துக்குடு."

"எனக்கே தெரியாதுக்கா. நான் குப்புற நீந்தறவ."

"அப்போ நாளைக்கும் வருவோம். நீ கையப் பாரு, நான் காலப் பாக்கறேன்."

மறுநாளும் போனோம், அதற்கு மறுநாளும் போனோம். பந்தயம் முடிந்ததும் எழுந்து வந்துவிடுவோம். வாசலில் இருந்தவன் பதறிப்போய், "படமே இனிமேதாம்மா!" என்றான். "எங்க படம் முடிஞ்சிபோச்சு நைனா" என்று சொல்லிவிட்டு நீ நடையைக் கட்டினாய்.

நம் கழனிக் கிணற்றில், நடவுக்குச் செருகுகிற மாதிரி புடவையைத் தூக்கிக் கச்சமாகக் கட்டிக்கொண்டு இறங்கினோம். உன் முதுகுக்கடியில் என் கை. முதல் வாரம் முழுக்க நீ என் கழுத்தைத்தான் நெரித்தாய். ஒருநாள் கையை மெதுவாக எடுத்தேன், நீ மிதந்தாய். அப்புறம் வேறு வம்பு. மல்லாந்து போகிறவளுக்குப் பின்னால் கண்ணா இருக்கிறது? படியில் உட்கார்ந்து நான் "செவுரு! செவுரு!" என்று கத்தவேண்டும். ஒருநாள் மீன்கொத்தியை வேடிக்கை பார்த்துக் கோட்டைவிட்டேன். மண்டையில் நெல்லிக்காய் அளவு வீங்கிவிட்டது. ராத்திரி சோறு போடும்போது உன் வீட்டுக்காரர், "தலையில இன்னா?" என்றார். "கதவு இட்ச்சிச்சு" என்றாய். "எந்தக் கதவு?" "ஊட்டுக் கதவுதான், ஊரான் கதவா இடிக்கும்?"

ஒருநாள் உன்னைக் கேட்டேன். படகு கவிழ்ந்தால்தானே நீச்சல் வேண்டும், அது கவிழப்போவதில்லையே, எதற்கு இந்தப் பாடு? கூந்தலைப் பிழிந்துகொண்டே சொன்னாய்: "கவுராதுன்னு எனக்கும் தெரியும்டி. கவுந்தா இன்னா பண்றதுன்னு தெரிஞ்சாதான் என் காலு ஏறும்."

ஒன்பதாம் மாசம் அந்தக் கால் ஏறியது. படகில் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து வழிமுழுக்க வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாய். பழவேற்காட்டுத் துணிக்கடை பாய் ஒருத்தர் கூட வந்தார். "இன்னாம்மா மேலயே பாக்கறே, மழ வருதா?" என்று கேட்டார். "வந்தா சொல்றேன் பாய்" என்றாய். என் கையை மட்டும் நீ விடவே இல்லை.

அக்கரை நெருங்கியதும் படகு ஒரு மணல் திட்டில் தட்டி நின்றது. கரை வந்துவிட்டதென்று நம் பெண்டுகள் அத்தனை பேரும் ஒரே பக்கமாக எழுந்தார்கள். படகு சாய்ந்தது. விழுந்தது நீ ஒருத்திதான்.

உன் முகம் உள்ளே போனதை நான் பார்த்தேன் அக்கா. என் உயிரே போய்விட்டது. அது மேலே வந்தது. மூச்சை ஊதினாய், மல்லாந்தாய், கையைப் பின்னால் வீசி உதைக்க ஆரம்பித்தாய். படகுக்காரன் கத்தினான்: "யம்மா! எய்ந்து நில்லும்மா! இடுப்பாழந்தான் கீது!"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள், பாய் உட்பட. நான் மீஞ்சூர்க்காரி, நீ திருவாலங்காட்டுக்காரி. அந்த ஏரி எவ்வளவு ஆழம் என்று இரண்டு பேரில் ஒருத்திக்காவது யாரையாவது கேட்கத் தோன்றியதா? ஆனால் நீ எழுந்து நிற்கவில்லை. கரையில் உன் பெண் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாக நின்றாள்.

"யம்மா, இன்னாம்மா பண்ணிக்கினு கீற?"

"வந்துக்கினு கீறேன்டி!" என்றாய், வானத்தைப் பார்த்தபடியே.

தலை சேற்றில் முட்டும்வரை நீந்தித்தான் போனாய். உனக்காக எத்தனையோ வசவு சேர்த்து வைத்திருந்த சம்பந்தியம்மா, முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து உன்னைத் தூக்கி நிறுத்தினாள். "இப்டி ஒருத்தி வருவாளா!" என்று சொல்லிக்கொண்டே தன் முந்தானையால் உன் முகத்தைத் துடைத்தாள். நீ அலறவில்லை. சாயங்காலம் பெண்ணை அதே படகில் அழைத்து வந்தோம்.

அந்தக் கழனி இப்போது ஏதோ கம்பெனியின் மதிலுக்குள் இருக்கிறது. போகட்டும். அடுத்த வாரம் எனக்குக் கண் ஆபரேஷன். மல்லாக்கப் படுத்தால் போதுமாம், மற்றதை டாக்டர் பார்த்துக்கொள்வாராம். பயமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் சொல்வதற்கென்ன. "வேணாம்னா விட்டுடலாம்மா" என்றான் என் பிள்ளை.

"இல்லடா, வந்துக்கினு கீறேன்" என்று சொல்லிவிட்டேன்.