குதிரை கடித்த விளிம்பு

பாப்பா அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி இப்போது தேவலையா? என் அப்பாவின் கண்ணுக்கு வேளாவேளைக்கு மருந்து விடுகிறாயா?

இங்கே ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. நான் தச்சு வேலை பார்க்கும் பழைய குதிரை லாயத்தைச் சின்ன மியூசியமாகத் திறக்கப்போகிறார்கள். மரத் தீனித்தொட்டியின் விளிம்பு முழுக்கக் குதறினாற்போலக் கிடந்தது. அப்படியே விட்டால் என் பெயர் கெட்டுப்போகுமே என்று இழைத்து மழமழவென்று ஆக்கிவிட்டேன். மியூசியத்து மேடம் பார்த்ததும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

“அது குதிரை கடிச்ச தடம்ப்பா. தனியா கட்டிப்போட்டா மரத்தைத்தான் கடிக்கும். நூறு வருஷமா இருந்ததை அரை மணி நேரத்துல வழிச்சு எடுத்துட்டியே.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை. வேலை உண்டா இல்லையா என்று திங்கட்கிழமை சொல்வார்களாம். அப்பாவிடம் மூச்சுவிடாதே.

வீட்டுக்கு வெள்ளையடிக்கப்போவதாக எழுதியிருந்தாய். பாப்பாவை நிற்கவைத்து உயரம் பார்த்து நான் பென்சிலால் கோடு போட்ட சுவரை மட்டும் விட்டுவிடச் சொல். அழுக்கென்று நினைத்து அடித்துவிடுவார்கள், நீ பக்கத்திலேயே நில்.

என்னை ஏற்றிப்போக வந்த வேன்காரர் ஹார்ன் அடிக்கிறார். இந்த வருஷ உயரக் கோட்டை நீ போட்டுவிடாதே. நான் வந்து போடுகிறேன்.

பாப்பா அப்பா