குருசு இருந்த இடம்

ஆகஸ்ட் 4, 2024, ஞாயிறு
திருத்தவேலைக்காகக் கோயில் கூரையைக் கழற்றிவிட்டார்கள். இன்று முதல் பூசை மீன்பிடிச் சங்கத்தின் வலைக் கொட்டிலில். பீடத்துக்குப் பின்னால் வலைக் குவியல், காலடியில் மீன் செதில். "அப்போஸ்தலர்களும் வலைக்காரர்தானே" என்று சுவாமியார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாதா கோயில் என்று சொல்ல அங்கே என்ன இருக்கிறது? முகப்பில் லைற்றோடு நிற்கும் குருசையாவது கொண்டுவரலாமே!

ஆகஸ்ட் 6
சபைக் கூட்டம். குருசைக் கொட்டில் முகட்டில் ஏற்றவேண்டும் என்று நின்றேன். மூப்பர் பாக்கியநாதருக்கு மனமில்லை.

"பிள்ளை ஸ்ரெல்லா, உது கும்பிட மட்டுமில்லை. இருட்டிலை வாறவன், கடற்கரை லைற்றுக்கு நேர் மேலை குருசு லைற் நிண்டால்தான், கடலுக்கை கிடக்கிற கற்பாரை வெட்டின வாய்க்காலுக்குள்ளாலை வள்ளத்தை விடுவான். தப்பினால் கல்லு."

"எங்கடை ஆக்களுக்குச் சொல்லிவிட்டால் சரிதானே? வேறை குறி பிடிக்கட்டும்."

என் வாய்க்கு எதிர்வாய் இந்த ஊரில் யார்? வென்றேன்.

ஆகஸ்ட் 11
குருசு ஏறிவிட்டது. லைற் எரிந்ததும் பெண்கள் அழுதார்கள். நானுந்தான். கடலுக்குப் போகிற எல்லோருக்கும் பூசையில் அறிவித்தாயிற்று.

ஆகஸ்ட் 28
தம்பியின் மனைவி தக்சாயினி போன் எடுத்தாள். வல்வெட்டித்துறைச் சைவப் பிள்ளை. தம்பி டினேஸ் எங்கள் கோயிலில் தாலி கட்டாமல் பதிவோடு முடித்தான் என்று நான் கல்யாணத்துக்கே போகவில்லை. இரண்டு வருடமாக அவனோடு கதை இல்லை. பெப்ரவரியிலிருந்து முல்லைத்தீவில் தொழில் செய்கிறான்.

"மச்சாள், அவர் நாளைக்கு வள்ளத்தோடை நேரை உங்கடை கரைக்கு வாறார். திருநாள் கொடியேற்றம் பாக்கோணுமாம்."

"வரட்டும்" என்று வைத்துவிட்டேன். பிறகு அவனுக்குப் பிடித்த கூழுக்கு ஒடியல் மா இருக்கிறதா என்று பேணியைத் திறந்து பார்த்தேன். எனக்கென்ன விசரா?

ஆகஸ்ட் 29, பின்னேரம்
லைற் இடம் மாறினதை அவனுக்கு ஆர் சொன்னது? ஆரும் சொல்லேல்லை! குருசைக் கழட்ட முதலே போனவன். தக்சாயினிக்கு லைற்றைப் பற்றி என்ன தெரியும்? சொல்லவேண்டியது நான். நானெல்லோ கதையாமல் இருந்தனான்.

அவன்ரை போன் வேலை செய்யேல்லை. திரும்பத் திரும்ப எடுத்துப் பாத்திட்டன். மூப்பரிட்டை ஓடினன். மனிசன் ஒரு சொல் ஏசேல்லை — ஏசியிருக்கலாம். லைற்றைத் திரும்பக் கோயில் முகப்பிலை, திருத்தவேலைச் சாரத்திலை கட்ட ஆள் சேர்க்கிறார். இரண்டு வள்ளம் அவனைத் தேடி இறங்குது. மாதாவே, அவன் பிந்தி வரட்டும்.

ஆகஸ்ட் 30, ஆஸ்பத்திரி
சாரத்துக்கு வயர் எட்டவில்லை. வயர் தேடி ஓடிய நேரம், கொட்டில் லைற்றை அணைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும். அவன் அதை நேர்பிடித்து நேராகக் கற்பாரில் ஏற்றிவிட்டான். வள்ளம் பிளந்துபோயிற்று. எங்கள் பெடியள்தான் தூக்கி வந்தார்கள். கால் எலும்பு முறிந்திருக்கிறது. உயிர் இருக்கிறது.

கண் முழித்ததும் என்னைத்தான் பார்த்தான்.

"அக்கா, கோயிலை ஏன் தள்ளி வைச்சனீங்கள்?"

இரண்டு வருடத்தில் முதல் கதை. சிரித்தேனா அழுதேனா தெரியாது. தாதி என்னை வெளியே போகச் சொன்னாள்.

செப்ரெம்பர் 8
திருநாள். கொட்டில் குருசு லைற் இல்லாமல் நின்றது. லைற் பழைய இடத்தில், சாரத்தில். "வாய்க்காரியாலை வந்த வினை" என்று ஒருத்தி எனக்குக் கேட்கவே சொன்னாள்.

பூசை முடிய மூப்பரிடம் போய், பின்னேரங்களில் அந்த லைற்றுக்குச் சுவிச் போடும் வேலையைக் கேட்டு வாங்கினேன்.

ஒக்ரோபர் 2
டினேசும் தக்சாயினியும் என்னோடுதான். கூழில் உறைப்புப் போதாதாம் அவனுக்கு. கால் முறிந்தும் வாய் குறையவில்லை!

நவம்பர் 14
கோயிலுக்கு இன்னும் ஓடு வந்து சேரவில்லை. எனக்குக் காய்ச்சல். நித்திரையால் எழும்பினால் வெளியே இருட்டு. ஐயோ, லைற்! பதறிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். தக்சாயினி நெற்றியில் திருநீற்றோடு செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றாள்.

"நான் போய்ப் போட்டிட்டன் மச்சாள். நீங்கள் படுங்கோ."

சன்னலால் பார்த்தேன். எரிந்துகொண்டிருந்தது. போய்ப் படுத்துவிட்டேன்.